ஒரு குழாயின் வரலாறு

1956ஆம் ஆண்டு ஹென்றி ஸ்டொம்மல், ஆர்னால்டு ஆரன்ஸ், டங்கன் பிளான்சர்டு என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் 'டீப் சீ ரிசர்ச்' இதழில் மிகச் சிறிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். 'ஓயாத உப்பு நீரூற்று' என்பது அவர்கள் கண்ட பொருள். அதைக் கடலியல் விந்தை என்று மட்டுமே தலைப்பில் குறித்தார்கள். உலகைக் காக்கும் கருவி என்று சொல்லிக்கொள்ளவில்லை.

விந்தை இதுதான். வெப்பமண்டலக் கடல்கள் பலவற்றில் மேல்நீர் வெதுவெதுப்பானது, உப்பு மிகுந்தது. அடிநீர் குளிர்ந்தது, உப்புக் குறைந்தது. நெடிய உலோகக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக இறக்கி, அடிநீரை ஒருமுறை இறைத்து மேலேற்றிவிட்டால் போதும். ஏறிவரும் நீர் குழாயின் சுவர் வழியே வெப்பத்தைப் பெறும். உப்போ சுவரைக் கடந்து வராது. ஆகவே உள்நீர் வெளிநீரைவிட இலேசாகித் தானாகவே பொங்கிக்கொண்டிருக்கும்.

அடிநீரை மேலே கொணர்வதால் என்ன பயன்? பெரு நாட்டுக் கடற்கரை இதற்கு விடை சொல்லும். அங்கே காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்க, கீழிருந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் செறிந்த நீர் எழுகிறது. இதை நீரெழுச்சி என்போம். அந்த உரத்தில் நுண்பாசிகள் பெருக, அவற்றை நம்பி நெத்திலி இன மீன்கள் பெருகுகின்றன. 1970இல் பெரு பிடித்த நெத்திலி ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டன். 1972இல் எல் நினோ வந்து எழுச்சி நலிந்தது. அளவுமீறிய மீன்பிடிப்பும் சேர்ந்துகொள்ள, 1973இல் அது 20 லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது.

இயற்கை செய்வதைக் குழாயால் செய்தால் என்ன என்று 2007 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் கேட்டவர்கள் ஜேம்ஸ் லவ்லாக்கும் கிரிஸ் ராப்லியும். 100 முதல் 200 மீட்டர் நீளமும் 10 மீட்டர் விட்டமும் கொண்ட குழாய்களைக் கடலில் மிதக்கவிடுவது; அலையின் ஏற்ற இறக்கமே ஒருவழி அடைப்பிதழ் மூலம் நீரை இறைக்கும். பாசி பெருகிக் காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்ணும் என்பது கணக்கு.

அடுத்த மாதமே அதே இதழில் ஜான் ஷெப்பர்டும் உடனுழைப்போரும் மறுப்பு எழுதினர். அடிநீரில் உரம் எங்கிருந்து வந்தது? மேலே வாழ்ந்து மடிந்து மூழ்கிய உயிர்கள் அழுகியதால் வந்தது. அதே அழுகலில் கரியமில வாயுவும் கரைந்து கிடக்கிறது. உரத்தை மட்டும் பிரித்தெடுத்து மேலே அனுப்பும் குழாய் கிடையாது; பாசி உண்ணுமளவுக்கு வாயுவும் உடன் வந்துவிடும். (பாற்கடல் கடைந்த கதையை இவ்விடத்தில் இழுக்கத் தமிழாசிரியனுக்கு நா ஊறுகிறது, அடக்கிக்கொள்கிறேன்.) பாசி பெருகி மூழ்கினால் அதை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் ஆழத்து ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். பெருவின் கடலடியில் இயல்பாகவே இந்நிலை உண்டு.

2008 ஜூனில் ஹவாயின் ஓவாஹு தீவுக்கு வடக்கே அலைவிசைக் குழாய் ஒன்றை உண்மையாகவே இறக்கிப் பார்த்தார்கள். 300 மீட்டர் ஆழத்து நீர் இரண்டு மணி நேரத்துக்குள் மேலே வந்தது, மேற்பரப்பு குளிர்ந்தது. ஏறத்தாழ 17 மணி நேரத்தில் கடலின் இழுவிசை தாங்காமல் கருவி சிதைந்தது.

கருவி உடைந்ததைவிட என்னை அச்சுறுத்துவது 2010இல் ஆந்திரியாஸ் ஓஷ்லிஸ் குழுவினர் வெளியிட்ட கணினிக் கணிப்பு. உலகக் கடல்களில் பரவலாகக் குழாய்கள் இயங்குவதாகக் கொண்டு பார்த்தார்கள். மேற்பரப்பு குளிர்ந்திருக்கும்வரை பூமி விண்ணுக்கு இழக்கும் வெப்பம் குறைகிறது. மிச்சமாகும் வெப்பம் ஆழத்தில் சேர்கிறது. பல பத்தாண்டுகள் ஓடியபின் குழாய்களை நிறுத்தினால் அது வெளிப்பட்டு, குழாயே போடாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய வெப்பநிலையையும் தாண்டிச் செல்கிறது. தொடங்கியவர் பின்பு நிறுத்த இயலாது. ஹவாயில் அந்தக் குழாய் ஒருநாள்கூடத் தாங்கவில்லை.