எதிரொலிக் கோட்பாடும் 1972 மனுவும்: காவிரிப் படுகையில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி

நெருக்கடி நிலைக் காலத்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை டெல்லியின் எதிரொலி என்று ஒரே வரியில் முடித்துவிடுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. 1978 பட்டிண்டா மாநாட்டில் நெருக்கடி நிலையை ஆதரித்த தன் தவறைக் கட்சியே ஒப்புக்கொண்டுவிட்டதே, இனி வாதிட என்ன இருக்கிறது என்கிறார்கள். தமிழகத்தில், குறிப்பாகத் தஞ்சைப் படுகையில், இம்முடிவு காலவரிசையைத் தலைகீழாக்குகிறது என்பது என் எண்ணம்.

சிக்கல் 1972 மனுவில் இருக்கிறது. தி.மு.க.விலிருந்து அக்டோபரில் நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., புதுக்கட்சி தொடங்கிய மறுமாதமே குடியரசுத் தலைவர் வி.வி. கிரியிடம் தி.மு.க. அரசின் மீது ஊழல் புகார் மனு அளித்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் திருச்சி மக்களவை உறுப்பினர் எம். கல்யாணசுந்தரமும் அளித்தார். இதை 1976-லிருந்து பின்னோக்கிப் படிப்பதே வழக்கம்: ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சிக் கலைப்பு, பிப்ரவரி 3-இல் சர்க்காரியா ஆணையம், விசாரணைக்கு அடிப்படை இந்தப் புகார்கள். ஆகவே தொடக்கத்திலிருந்தே எல்லாம் டெல்லி ஏற்பாடு என்பது முடிவு.

நடந்த வரிசையில் படித்தால் வேறொன்று தெரிகிறது. புகார்கள் முதலமைச்சரின் விளக்கத்துக்கு அனுப்பப்பட்டன, விளக்கமும் போனது, பிறகு மூன்றாண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தன. நெருக்கடி நிலையைத் தி.மு.க. எதிர்த்த பிறகுதான் டெல்லிக்கு அவற்றின் நினைவு வந்தது. சமயம் பார்த்து வைத்திருந்தார்கள் என்று மறுப்போருக்கு, அது 1976-ஐ 1972-க்குள் திணிப்பது என்பதற்கு மேல் பதில் தேவையில்லை.

விசாரணைக்கு வந்தவற்றையும் பாருங்கள். பாசன ஏரியின் நீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் வீராணம் திட்டம், பயிர்களுக்கு விமானத்தில் மருந்து தெளிக்கும் ஒப்பந்தம்: இரண்டும் ஏரிப் பாசனத்தையும் வயலையும் ஒட்டியவை. புகார்களின் மெய், பொய் இங்கே என் கேள்வியல்ல. ஆனால் இவற்றில் கிடப்பது டெல்லிக் காரியாலயத்தின் மொழியல்ல, நெல் விளையும் நாட்டின் மனத்தாங்கல் என்றே எனக்குப் படுகிறது.

அந்த மனத்தாங்கலின் வேர் எங்கே? 1971 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி தி.மு.க.வுடன் நின்றது. ஆனால் கீழத்தஞ்சையில் செங்கொடி பல்லாண்டு போராடிக் கேட்டதைத் தி.மு.க. அரசு சட்டமாக்கித் தன் பெயரில் வழங்கிக்கொண்டிருந்தது. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின் 1969-இல் நியாய ஊதியச் சட்டம் வந்தது. 1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. குடிசை நின்ற மனைக்கட்டு கூலியாளுக்கே சொந்தமானபோது நன்றி உதயசூரியனுக்குப் போனது. தி.மு.க.வின் வெகுசனவாதத்தின் மீது கட்சி கொண்ட கசப்பு இப்படித்தான் முளைத்திருக்க வேண்டும். ஊதியச் சட்டம் கீழத்தஞ்சைக்கென வந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவையாற்றுப் பக்கத்தில் அந்தக் கூலிப் போராட்டத்தின் வேகம் இல்லை. படுகை முழுவதையும் ஒரே நிலமாக எழுதுவோர் கண்ணில் இந்த வேறுபாடு படுவதில்லை. (வெகுசனவாதத்தை வெறுத்தவர்கள் எம்.ஜி.ஆரோடு சேர்ந்தது முரண்தான். ஆனால் அதுவும் அவர்கள் சொந்த முரண்.)

தேர்தல் வழக்கில் மட்டும் எதிரொலிக் கோட்பாட்டுக்கு இடம் கொடுக்கிறேன். 1975 ஜூன் 12-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றியைச் செல்லாதென்றபோது, மேடையும் ஒலிபெருக்கி மின்சாரமும் அரசு அதிகாரி யஷ்பால் கபூரின் உதவியுமெல்லாம் அற்பக் குற்றங்கள், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தை இவை அழிக்கலாமா என்பது ஆளுங்கட்சியின் வாதம். வாக்குப் பெரும்பான்மை சட்டத்துக்கு மேல் என்னும் இவ்வாதம் பச்சை வெகுசனவாதம். ஜெயப்பிரகாஷ் இயக்கத்தைப் பாசிசம் என்ற கட்சி, இதைக் கேட்டும் பிரதமர் பக்கமே நின்றது.

பட்டிண்டா ஒப்புதல் இந்த 1975 நிலைப்பாட்டுக்குப் பொருந்தும், 1972-க்குப் பொருந்தாது. அதுவும் தமிழக வாக்காளர் கட்டாயப்படுத்தி வாங்கிய ஒப்புதலல்ல. 1977 மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் கட்சிக்குக் கிடைத்த 7 இடங்களில் 3 தமிழகத்தில். அவற்றுள் நாகப்பட்டினமும் கல்யாணசுந்தரத்தின் திருச்சியும் உண்டு. அவ்வாண்டு ஜூனில் நடந்த சட்டமன்றத் தேர்தலில்தான் கட்சி எம்.ஜி.ஆரை விட்டுக் காங்கிரஸோடு நின்றது, மார்க்சிஸ்டுகள் எம்.ஜி.ஆரோடு நின்றார்கள். எதிரொலி என்ற சொல் பொருந்துவது 1975-க்கும் 1977-க்கும் இடைப்பட்ட இந்த இரண்டாண்டுக்குத்தான்.