வாய் திறந்த சித்தப்பா



நீதியைக் காப்பது அதிகாரமா, மனசாட்சியா? எதிரணி நண்பர் மனுநீதிச் சோழனைக் கொண்டுவந்து நிறுத்தினார். கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட தகப்பன். பெரியவர்தான், மறுக்கலை. ஆனா அவர் கையில் செங்கோல் இருந்தது. செங்கோல் இல்லாத ஒரு தகப்பனைக் காட்ட, உங்களைச் செங்கல்பட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அந்தச் சீமையில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. பாரதம் கேட்பது அந்த மண்ணுக்கு நேற்று வந்த பழக்கமில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர். மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கு ஒதுக்கியதாக, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு சொல்கிறது. அதே நூற்றாண்டில்தான் மாமல்லபுரக் கடற்கரையில் ஒற்றைக்கல் ரதங்களைச் செதுக்கினார்கள். ஒரு ரதத்துக்குள்ளே இருப்பது துர்க்கை. பின்னால் வந்த ஜனங்கள் அதற்கு வைத்த பேர், திரௌபதி ரதம்!

அந்தத் திரௌபதி நீதி கேட்ட கூத்துதான் துகிலுரிதல். சபையில் பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார். தர்மம் நுட்பமானது என்று பீஷ்மர் நழுவுகிறார். விதுரர் மட்டும் நழுவவில்லை. தன்னையே தோற்றவன் மனைவியைப் பணயம் வைத்தது செல்லாது என்று முதலில் சொன்னவரே அவர்தான், ஐயா! யார் இந்த விதுரர்? பணிப்பெண் வயிற்றில் பிறந்ததால் அரசுரிமை இல்லாதவர். தகப்பனில்லாத பாண்டவப் பிள்ளைகளை அரக்கு மாளிகையிலிருந்து காப்பாற்றிய சித்தப்பா.

வியாச பாரதத்தில் அவர் அந்தச் சபைக்கு ஒரு கதை சொல்கிறார். பிரகலாதன் மகன் விரோசனனுக்கும் சுதன்வாவுக்கும் யார் உயர்ந்தவர் என்று போட்டி. பந்தயம் உயிர். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பிரகலாதன்! பெத்த பிள்ளை உயிர் போயிடுமே என்று பார்க்காமல், சுதன்வாதான் உயர்ந்தவன் என்றார். அந்த நேர்மையை மெச்சி, சுதன்வா பிள்ளையின் உயிரைத் திருப்பித் தந்துவிட்டான்.

இதைக் கேட்டும் சபை வாய் திறக்கலை. அப்புறம் விதுரர் பேசி என்ன பிரயோசனம் என்று எதிரணி கேட்கும். பிரயோசனம் இருக்குங்க! அவர் பேசாமல் இருந்திருந்தால், எங்களுக்குத் தப்புன்னு தெரியாதேன்னு அந்தச் சபை தப்பிச்சிருக்கும். தெரிஞ்சேதான் சும்மா இருந்தாங்க என்பதற்கு அவர் பேச்சுத்தான் சாட்சி.

நம்ம வீட்டிலும் ஒரு பெண்பிள்ளை நியாயம் கேட்டு நிற்கிற நாள் வரும். அன்றைக்குத் தனக்கு என்ன பதவி இருக்கு என்று பார்க்காமல் வாய் திறக்கிறவர்தான் தகப்பன். ஆகவே நடுவர் அவர்களே, நீதியைக் காப்பது மனசாட்சியே என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.