றெயில் இல்லாத ‘றெயில் றோட்டு’



இன்றைய உரையை ஒரு மாணவனின் வினாவோடு தொடங்க விரும்புகிறேன். எங்கள் இந்துக் கல்லூரியிலே பத்தாம் ஆண்டு வகுப்புக்கு இடுகுறிப் பெயரையும் காரணப் பெயரையும் விளக்கிக்கொண்டிருந்தேன். மரம், மண் என்பன இடுகுறி. பறப்பதனால் பறவை, நான்கு கால்கள் இருப்பதனால் நாற்காலி. இவை காரணப் பெயர். நன்னூலார் வகுத்த வழியில் இவ்வளவும் கூறிவிட்டு, “உங்கள் ஊர்ப் பெயர்களிலிருந்து எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள்” என்றேன். இராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து விடுதியிலே தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன் எழுந்தான்.

“சேர், எங்க லயத்துக்குக் கீழ ஒரு பாதை போகுது. றெயில் றோட்டுன்னு சொல்லுவாங்க. ஆனா அங்க றெயிலும் இல்ல, தண்டவாளமும் இல்ல. அம்மாகிட்ட கேட்டேன், அவங்களுக்கும் தெரியல. அது இடுகுறியா, காரணமா சேர்?”

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பிறந்தது அதே பாதையின் மறுபக்கத்திலே, கந்தப்பளையில். என் தாத்தா அந்தப் பாதையிலே சிலிப்பர்க் கட்டை மாற்றியவர். அந்தப் பையனுக்கு ஒரு வரியில் விடை கூற என்னால் முடியவில்லை. “நாளை சொல்கிறேன்” என்று அமரச் செய்தேன். அவனுக்குக் கூறிய விடையையே சற்று விரித்து இன்று உங்களிடம் கூறுகிறேன்.

நம் நாட்டின் முதற் புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசெம்பரிலே கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. 1885இல் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்தது. அகலப் பாதை எனப்படும் இதன் இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஐந்தரை அடி. கோப்பி அழிந்து தேயிலை தழைத்த காலம் அது. பாதை நானுஓயாவிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை நோக்கித் திரும்பிவிட்டது. நுவரெலியாவோ சில மைல் தொலைவில், 6,000 அடிக்கு மேல், மலைக்குள் ஒதுங்கியிருந்தது. அதற்கும் அப்பால் கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவ எனத் தேயிலைத் தோட்டங்கள் பெருகியிருந்தன. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் மாட்டுவண்டியிலேயே நானுஓயாவுக்கு இறங்கின.

அந்த மலைகளில் அகலப் பாதை போடுவது பெருஞ்செலவு. பாதை அகன்றால் மலையை அகலமாக வெட்டவேண்டும், வளைவுகளை விரித்து வைக்கவேண்டும், பாலங்கள் பெருக்கும். மலைநாட்டுப் பெரும் பாதையிலேயே மிக நெருங்கிய வளைவின் ஆரை 330 அடி. ஏற்றமும் 44 அடிக்கு ஓர் அடி என்ற அளவிலே நின்றது. இராகலைக்கு அது போதாது. ஆகவே இரண்டரை அடி அகலத்திலே ஓர் ஒடுங்கிய பாதை போடப்பட்டது. பெரும் பாதையின் அகலத்தில் பாதிகூட இல்லை. ஏற்றமோ 24 அடிக்கு ஓர் அடிவரை செங்குத்தானது. 1903ஆம் ஆண்டு டிசெம்பரிலே அது நானுஓயாவிலிருந்து நுவரெலியாவை அடைந்தது. மறு ஆண்டு கந்தப்பளையைக் கடந்து இராகலை சென்றது. மொத்தம் ஏறத்தாழ 19 மைல்.

இந்தப் பாதையிலே ஓடியவை சிறிய நீராவி இயந்திரங்கள். எங்கள் பக்கத்திலே அவற்றைக் ‘கரிக்கோச்சி’ என்பார்கள். இலங்கையிலே நிலக்கரி இல்லை. கப்பலில் வந்த கரி, பெரும் பாதையில் நானுஓயாவரை ஏறி, அங்கே கைமாறி, இந்தச் சின்ன இயந்திரத்தின் வயிற்றுக்குள் போயிற்று. இயந்திரம் சிறிது, ஏற்றமோ பெரிது. மழையும் மூடுபனியும் நனைத்த இரும்பிலே சக்கரம் பிடியின்றி நின்ற இடத்திலேயே சுழலும். அப்போது தண்டவாளத்தின் மீது மணலைச் சொரிந்து பிடிப்பு உண்டாக்குவார்கள். தாத்தா இதைச் சொல்லும்போது வாயாலேயே அந்தச் சத்தத்தை எழுப்பிக் காட்டுவார். ஏற்றத்தில் மெதுவாக, தயங்கித் தயங்கி. பிடி கிடைத்ததும் ஒரே மூச்சாக. பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் மறுபடியும் மறுபடியும் கேட்போம்.

வளைவும் ஏற்றமும் சேர்ந்த பாதைக்கு வலிய இயந்திரம் வேண்டும். ஆனால் வலிய இயந்திரம் நீளமானது, வளைவிலே திரும்பாது. இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டவர் காரட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். கொதிகலனை நடுவிலே தொங்கவிட்டு, அதன் முன்னும் பின்னுமாகச் சக்கரங்கள் பூட்டிய இரண்டு தாங்கிகளை, தனித்தனியே திரும்பும்படி அவர் அமைத்தார். நீளமான உடல், ஆனால் நெளியும் உடல். இவ்வகையின் முதல் இயந்திரங்களை 1909இல் மன்செஸ்டரின் பேயர் பீக்கொக் தொழிற்சாலை செய்து அனுப்பியது வேறொரு தீவுக்குத்தான். அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள தஸ்மேனியாவின் இரண்டடிப் பாதையிலே அவை ஓடின. அதே தொழிற்சாலையிலிருந்து 1929இல் இலங்கையின் ஒடுங்கிய பாதைக்கும் ஒரு காரட் இயந்திரம் வந்தது. தஸ்மேனியாவில் ஓடிய முதல் இயந்திரம் பின்னாளில் செப்பனிடப்பட்டு, வேல்ஸ் நாட்டு மலைப்பாதையொன்றிலே மீண்டும் புகை கக்கி ஓடியது என்பது குறிப்பிடத்தக்கது.

இனி, இந்தக் கோச்சி யாரைச் சுமந்தது? மேலே போகும்போது துரைமார், அவர்களின் விருந்தினர், நுவரெலியாவின் குளிர்காய வந்த கொழும்புப் பெரியோர். கூடவே அரிசி, உரம், தொழிற்சாலை இயந்திரங்கள். கீழே வரும்போது தேயிலை. நானுஓயாவிலே இரண்டு பாதைகளும் அருகருகே நின்றன. ஆனால் ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. ஆகையால் ஒவ்வொரு தேயிலைப் பெட்டியும் சிறிய வண்டியிலிருந்து மனித முதுகிலே ஏறிப் பெரிய வண்டிக்குள் இறங்கியது. பாதையை ஒடுக்கி மிச்சம் பிடித்த பணத்தின் ஒரு பகுதி, அந்த முதுகுகளிலிருந்தே வந்ததென்றால் மிகையாகாது.

தாத்தா பதினைந்து வயதிலே பாதைக் கூலியாகச் சேர்ந்தவர். மழை விட்டதும் பாதை நெடுக நடந்து, மண் சரிந்ததா, ஆணி தளர்ந்ததா, கட்டை உழுத்ததா என்று பார்ப்பது அவரது குழுவின் வேலை. அவர் சேர்ந்த காலத்திலேயே பாதைக்கு இறுதிக் காலம் தொடங்கியிருந்தது. மலைநாட்டுத் தெருக்கள் திருந்தின, லொறிகள் வந்தன. லொறி தொழிற்சாலை வாசலிலேயே பெட்டியை ஏற்றி எங்கும் கைமாற்றாமல் கொண்டுபோகும். செலவைக் குறைக்க ஒடுக்கப்பட்ட பாதை, ஒடுங்கியதனாலேயே போட்டியில் தோற்றது. 1940களில் அது மூடப்பட்டு, தண்டவாளங்களும் கிளப்பப்பட்டன. கிளப்பியவர்களில் தாத்தாவும் ஒருவர்.

“போட்ட ஆளுகளே கழட்டுனோம். கூலி ஒரே கூலிதான்” என்பார். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசமாட்டார்.

இதே இரண்டரை அடி அகலத்திலே நம் நாட்டில் இன்னொரு பாதையும் இருந்தது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1902இல் கொழும்பு மருதானையிலிருந்து அவிசாவளைக்கும், 1903இல் எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் சென்றது. இறப்பரும் தேயிலையும் காரீயமும் அதிலே வந்தன. எட்டியாந்தோட்டைக் கிளை உலகப் போர்க் காலத்தில், 1942இல், மூடப்பட்டது. ஓப்பநாயக்கப் பகுதி 1970களில் கைவிடப்பட்டது. எஞ்சிய அவிசாவளைப் பாதை 1991க்கும் 1996க்கும் இடையில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது.

அந்த மாற்றத்துக்குச் சற்று முன்னர், நான் சிறுவனாக இருந்தபோது, உறவினர் வீட்டுக்கென்று தாத்தா என்னை அவிசாவளைக்கு அந்தச் சின்னக் கோச்சியிலே கூட்டிச்சென்றார். அப்போது நீராவி போய் டீசல் வந்துவிட்டிருந்தது. இறங்கியதும் அவர் மேடையின் ஓரத்துக்குப் போய்ப் பாதையிலே இறங்கினார். தம் குடையைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தார். “நம்ம லைன் அளவுதான்யா” என்றார். நிலைய ஊழியர் ஒருவர் சத்தம் போடவே மேலே ஏறிவிட்டார். அன்று முழுவதும் அவர் முகத்திலே ஒரு மலர்ச்சி இருந்தது. அதன் பொருள் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

களனிப் பாதையின் நினைவாக 1928இல் வந்த செண்டினல் என்னும் நீராவித் தொடர்வண்டி ஒன்று பேணப்பட்டுள்ளது. பயணிகள் பெட்டியோடு ஒன்றாகவே அமைந்த, செங்குத்தான கொதிகலன் கொண்ட வண்டி அது. செப்பனிடப்பட்டு மீண்டும் ஓட்டிக் காட்டவும் பட்டது. கடுகண்ணாவையிலே 2014 டிசெம்பரில் ஒரு புகையிரத அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இவை போற்றத்தக்க பணிகள். ஆனால் இயந்திரத்தைப் பேணலாம். அது ஏறிய மலையையும், அதை ஏற்றிவிட்ட மனிதரையும் எந்தக் கூடத்தில் வைப்பது?

ஓர் ஒப்பீடு சொல்லத் தோன்றுகிறது. இந்தியாவிலே கல்காவிலிருந்து சிம்லாவுக்கு ஒரு மலைப்பாதை ஓடுகிறது. அதன் அகலமும் இரண்டரை அடி. அதுவும் திறக்கப்பட்டது 1903இல், நவம்பர் மாதத்தில். நம் நுவரெலியாப் பாதைக்கு ஒரு மாதமே மூப்பு. அதுவும் வெள்ளைக்கார ஆட்சியாளர் வெயிலுக்கு ஒதுங்கிய ஊருக்குத்தான் சென்றது. 2008இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது. இன்றும் அது ஓடுகிறது. அதன் உடன்பிறப்பான எங்கள் பாதையிலே கொழுந்துக் கூடையும் பள்ளிக்கூடப் பையும் நடந்து செல்கின்றன. இதைப் பொறாமையால் கூறவில்லை. சிம்லா ஒரு பேரரசின் கோடைத் தலைநகர். 96 கிலோமீற்றர்ப் பாதை. இராகலை ஒரு தேயிலைக் காடு. ஆயினும், எது மரபுரிமையாகும், எது ஒத்தையடிப் பாதையாகும் என்பதை இரும்பு தீர்மானிப்பதில்லை. அதை நினைத்துப் பார்ப்பவர் யார் என்பதே தீர்மானிக்கிறது.

நினைத்துப் பார்க்கவேண்டிய எங்கள் மக்களுக்கோ அன்று வேறு கவலைகள் இருந்தன. கோச்சி போன அதே காலத்திலே, 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தாத்தாவும் அவர்களுள் ஒருவர். பாதை வேலை போய்த் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார். 1964இன் ஒப்பந்தத்தில் உறவினர் பலர் கடல் கடந்தனர், அவர் போகவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே, தம் இறுதிக் காலத்தில், இந்த நாட்டின் பிரசை என்ற காகிதம் அவர் கைக்கு வந்தது. அத்தகைய ஒருவர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கதைகளில் கரிக்கோச்சியின் கதை பின்னுக்குப் போனதில் வியப்பில்லை. மாணவனின் தாய்க்கு விடை தெரியாமற் போனதும் அதனால்தான்.

மறுநாள் வகுப்பிலே இவற்றையெல்லாம் கூறி முடித்தேன். அந்தப் பையன் மீண்டும் எழுந்தான்.

“அப்போ அது காரணப் பெயர்தானே சேர்?”

“ஆம்” என்றேன். “காரணத்தை மறந்தவனுக்கு அது இடுகுறி. அறிந்தவனுக்குக் காரணப் பெயர். நேற்று உனக்கு இடுகுறியாக இருந்தது. இன்று காரணப் பெயராகிவிட்டது.”

இலக்கண ஆசிரியர்கள் இவ்விடையை முழுதாக ஏற்பார்களோ நான் அறியேன். ஆனால் வரலாறு என்பதன் பயனை இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விடுமுறைக்குப் போன அந்த மாணவன் திரும்பி வந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய பொருளொன்றை என் மேசையிலே வைத்தான். துருப்பிடித்துத் தலை நசுங்கிய இரும்பாணி. பாதையோரம் மண்ணுக்குள் கிடந்ததாம். தண்டவாளத்தைச் சிலிப்பர்க் கட்டையோடு பிணைக்கும் ஆணி அது. தாத்தா அடித்ததாகவும் இருக்கலாம், வேறெவரோ அடித்ததாகவும் இருக்கலாம். எடுத்து வைத்திருக்கிறேன். காரணப் பெயர் கற்பிக்கும் நாளில் வகுப்புக்குக் கொண்டுபோவேன்.

நேயர்களே, உங்கள் ஊரிலும் பொருள் போய்ப் பெயர் மட்டும் நிற்கும் இடங்கள் இருக்கும். காரணம் தெரிந்த முதியவர் ஒருவர் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும். அவரிடம் இந்த வாரமே கேட்டு வையுங்கள்.