நெய் மசியில் அச்சான பஞ்சாங்கம்

மும்பைத் தமிழர் கதை – 23

தாராவி அச்சகங்களுக்கு இந்த வாரம் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். 1896 பிளேக், அதன் பிறகு மேம்பாட்டு டிரஸ்ட் மாட்டுங்காவில் தெரு போட்டது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்கு ஆட்கள் வந்து இறங்கியது எல்லாம் பார்த்தாயிற்று. நேராக உள்ளே போயிருக்கலாம். நடுவில் ஜேம்ஸ் காரெட் வந்து வழியை மறித்துவிட்டார்.

காரெட் அமெரிக்க மிஷன் அனுப்பிய அச்சுத் தொழிலாளி. அவர் வரவேண்டிய இடம் பம்பாயே இல்லை, யாழ்ப்பாணம். 1820 ஆகஸ்டில் இலங்கையில் கால் வைத்தார். பொறுப்பு ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், அமெரிக்கர்கள் ஏற்கெனவே இருக்கிற அளவு போதும், இன்னொருவர் வேண்டாம் என்று வெளியேறச் சொல்லிவிட்டார். கண்டிக்குச் சாலை போட்ட மகான் என்று பார்ன்ஸை இன்றும் புகழ்கிறார்கள். போட்டார், சரி. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனுக்கு மானிப்பாயில் அச்சகம் அமைய 1834 வரை காத்திருக்க வேண்டி வந்ததே, அந்தக் கணக்கை யார் தலையில் எழுதுவது? என் கணக்கில் அவர் வில்லன்தான்.

காரெட் 1821இல் பம்பாய் வந்து சேர்ந்தார். இங்கே மிஷன் அச்சகம் 1817 முதல் மராத்தி அச்சடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட பார்ட்வெல் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பியிருந்த நேரம். தமிழுக்காகப் புறப்பட்ட மனிதர் மராத்திக்கு வாய்த்தார். 1831இல் சாகும்வரை பம்பாயில்தான் இருந்தார்.

அந்த மிஷன் அச்சகத்தில் வேலை பார்த்தவர் கணபத் கிருஷ்ணாஜி, பண்டாரி சமூகத்துக்காரர். இந்த வாரத்தை முழுங்கியவர் இவர்தான். கல்லச்சு எப்படி நடக்கிறது என்று அங்கே கவனித்துக்கொண்டார். கையாலேயே மரத்தில் ஓர் அச்சு இயந்திரம் செய்தார். சின்னக் கல் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில் எழுதி, ஒற்றி ஒற்றிப் பார்த்தார். மசியும் சொந்தத் தயாரிப்பு. 1831இல் அவர் வெளியிட்டது முதல் மராத்தி அச்சுப் பஞ்சாங்கம்.

பஞ்சாங்கத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று யோசித்தால் ஆளின் சாமர்த்தியம் தெரியும். புராணம் ஒரு தடவை வாங்கினால் பேரன் காலம்வரை போதும். பஞ்சாங்கம் வருஷா வருஷம் வேண்டும். அதுவரை கையால் எழுதித்தான் விற்றார்கள். ஆனால் வாங்க வேண்டிய வைதீகர்கள் அச்சுக் காகிதத்தைத் தொடவே அஞ்சினார்கள். மசியில் மிருகக் கொழுப்பு இருக்குமே! அதனால் கணபத் நெய் சேர்த்து மசி காய்ச்சினார் என்பார்கள். 1863இல் பம்பாய் நகரைப் பற்றி மராத்தியில் புத்தகம் எழுதிய கோவிந்த் நாராயண், அச்சுப் புத்தகத்தைத் தொடாதவர்கள் அப்போதும் இருந்ததைக் குறித்திருக்கிறார். எதிர்த்து வாதாடாமல், மசியை மாற்றி வாடிக்கையாளரைப் பிடித்த கணபத்துக்கு என் ஓட்டு.

அதே மிஷன் அச்சகத்தில் பத்து வயதில், மாதம் இரண்டு ரூபாய்க்கு எழுத்து தேய்க்கப் போன பையன் ஜாவ்ஜி தாதாஜி. 1864இல் எழுத்து வார்க்கும் பட்டறை, 1869இல் நிர்ணய சாகர் அச்சகம். சமஸ்கிருதப் புத்தகம் என்றாலே நிர்ணய சாகர் என்ற பெயர் நாடெங்கும் பரவியது. அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம், எழுதப் போவதில்லை.

பக்கம் முடியப் போகிறது, தாராவி இன்னும் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தாராவித் தமிழ் அச்சகங்கள் புத்தகம் போட்டுப் பிழைக்கவில்லை. பில் புக், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ் என்று ஜாப் வொர்க்தான் சோறு போட்டது. ட்ரெடில் மெஷினில் ஓடிய அந்தக் கொடை நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுங்கள். வரி கொடுத்தவர் பெயர், பக்கத்தில் சொந்த ஊர், சால் நம்பர். எந்த ஊர்க்காரர் எந்தச் சாலில் குடியிருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எந்த அரசாங்கக் கோப்பில் கிடைக்கும்?

அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் இடமும் இருக்கும். பெருமைக்குப் போட்டதல்ல. அச்சடித்தவர் பெயரும் இடமும் தாளில் இருக்க வேண்டும் என்றது அப்போது நடப்பில் இருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம். வருஷம் இல்லாத நோட்டீஸுக்கும் வயது சொல்லலாம். ‘பம்பாய் – 17’ என்று மட்டும் இருந்தால் அநேகமாக 1972க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் பின்கோடு வந்தது. ‘பம்பாய் – 400 017’ என்றால் அதற்குப் பிந்தியது. ‘மும்பை’ என்றிருந்தால் பெரும்பாலும் 1995க்குப் பிறகு.

டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த காகிதத்தை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பழைய நோட்டீஸோ பத்திரிகையோ கிடைத்தால் இரு பக்கமும் போட்டோ எடுத்து, அடிவரி தெளிவாகத் தெரியும்படி எங்களுக்கு அனுப்புங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும்.