கேணியும் முகாமும்

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்கு மக்கள் நோய் தீர வந்த கதை பழையது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்குள்ள தீர்த்தக் கேணியில் நீராடித் தேறினார் என்கிறது தலவரலாறு. குதிரைமுகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இந்தத் தீர்த்தத்தில் குணமடைந்தாளாம். மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் அவள் செலுத்திய நன்றியாம். ஒரே நாளில் அல்ல, தோழியர் சூழத் தங்கியிருந்து நீராடித்தான் அவள் தேறினாள். அந்த முகத்துக்காக அவளை எவரும் ஏசியதாகக் கதையில் இல்லை.

1990 ஜூனில் போர், கீரிமலை இருக்கும் வலிகாமம் வடக்கை வெறுமையாக்கியது. கேணியும் நகுலேஸ்வரம் கோயிலும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. கோணப்புலம் போன்ற முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். ஒரு மாணவி கை கழுவிக் கழுவியே தோல் வெடித்து வருவாள். இன்னொரு பெடியன் பதினைந்து வயதிலேயே குடிக்குப் பழகினான். இருவருக்கும் வீட்டில் கிடைத்த மருந்து அடிதான்.

பழக்கம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதற்கு முன் நடந்ததை யாரும் கேட்கவில்லை. போர் தனியாளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருகிறார். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, வடகிழக்கின் 296 தமிழ் மாணவரிடம் பேசியது. வீட்டு வன்முறையை ஒரு தடவையேனும் அனுபவித்தவர்கள் 95.6 வீதம். போர் அனுபவமும் தகப்பனின் குடியும் கூடிய இடங்களில் அந்த வன்முறையும் கூடியிருந்தது.

பயமும் தனிமையும் அவமானமும் உள்ள பிள்ளை, அவற்றைக் கொஞ்சநேரம் மறக்க வைக்கும் எதையும் பற்றிக்கொள்ளும். கழுவினால் பதற்றம் தணிகிறது. குடித்தால், போனில் விளையாடினால் வீட்டுச் சத்தம் மறக்கிறது. அந்தச் சிறு ஆறுதலே மறுபடி செய்யத் தூண்டுகிறது. வளரிளம் பருவத்தில் ஆசை முந்திக்கொள்ளும். அடக்கும் திறன் இன்னும் முதிர்ந்திராது. பரம்பரையும் இயல்பிலேயே உள்ள பதகளிப்பும் சேர்ந்தால் பிடி இறுகும். அடி விழுந்தால் பயம் கூடும், பழக்கமும் கூடும்.

போர் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. கேணியில் மறுபடி சனம் நீராடுகிறது. கீரிமலைக்கு அருகே, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெற்றோரே, பிள்ளையை அடிக்க முன் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். இளவரசிக்குக் கிடைத்த பொறுமையும் துணையும் உங்கள் பிள்ளைக்கும் உரியவை.