குப்பை என்னுஞ் சொல்லின் வரலாறு



ஒரு சொல்லின் பொருள் மாறுமாயின், அதனை வழங்கும் மக்களின் வாழ்க்கையும் மாறியிருத்தல் கூடும். ‘குப்பை’ என்பது அத்தகைய சொல். இன்று அதனைக் கேட்டதும் நாம் முகஞ் சுளிக்கின்றோம். பழந்தமிழிலோ அது குவியல் என்னும் பொருளையே தந்தது. உவர்நிலத்திற் குவித்த உப்பையும் சங்கப் புலவர் குப்பை என்றே குறித்தனர். பின்னர் உழவர், வீட்டின் கொல்லையிற் சேர்ந்த எருக் குவியலுக்கு அச்சொல்லை வழங்கினர். அப்பொழுதும் அது இழிபொருளன்று. அடுத்த போகத்துக்கு வைத்த முதலாகும்.

இதற்கு யாழ்ப்பாணக் குடாநாடு நல்ல சான்று. வற்றாத ஆறு அங்கே இல்லை. சுண்ணக்கற் பாறையின்மேற் படிந்த மண்ணும் கிணற்று நீருமே உழவனின் செல்வம். மண்ணுக்கு அவன் திருப்பிக் கொடுத்தாலன்றி மண் அவனுக்குக் கொடாது. ஆகவே வீட்டிற் கழிந்தவை யாவும் தோட்டத்துக்குச் சென்றன. வேலியிலே தழைத்த பூவரசங்குழை பசளையாயிற்று. கூரையிலிருந்து வெயிலும் மழையும் தாங்கிய பனையோலை, உக்கத் தொடங்கியதும் பிரித்தெடுக்கப்பட்டுத் தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்பட்டது. அரிசி கழுவிய நீர் பசுவின் தொட்டிக்கும், குளித்த நீர் வாழையடிக்கும், அடுப்புச் சாம்பல் பாத்திரம் விளக்குவதற்கும் பயன்பட்டன.

ஒரு பனம்பழத்தின் பயணத்தையே பாருங்கள். அதன் களியைப் பிழிந்து பாயிலே காயவிட்டுப் பனாட்டாக்கினர். எஞ்சிய விதையைப் பாத்தியிற் புதைத்துக் கிழங்கு பெற்றனர். கிழங்கு ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் மாறி, பஞ்ச காலத்துக்கு உணவாயிற்று. கிழங்கு கிண்டியபின் மிஞ்சிய ஊமலும் அடுப்பிலே எரிந்து சாம்பலாகி மண்ணை அடைந்தது. எறிவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. வில்லியம் பேர்குசன் என்பார் 1850ஆம் ஆண்டிலே கொழும்பில் பனையைப் பற்றித் தனியாக ஒரு நூலே வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 எனத் ‘தால விலாசம்’ என்னுந் தமிழ் நூல் கூறுவதாகச் சொல்வர்.

எனினும் அக்காலத்தைப் பொற்காலமென்று போற்றுதல் பொருந்தாது. மரமேறியோரும் ஓலை இழைத்த பெண்களும் பெற்ற கூலி சிறிது. பெற்ற மதிப்போ அதனினுஞ் சிறிது. சிக்கனத்துட் பெரும்பகுதி வறுமையின் கட்டாயமே. அவ்வறுமை மீண்டும் வரவேண்டுவதில்லை. அதனுள் விளைந்த அறிவை மட்டும் இழத்தல் ஆகாது.

மாற்றம் எங்கே நேர்ந்தது? 1933ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஓர் இரசாயன ஆய்வுகூடத்தில் பொலித்தீன் கண்டுபிடிக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டிற்குப் பின் இலங்கையிலே இறக்குமதிக்கு வாயில் அகலத் திறந்தது. அதன்பின் கடகமும் குட்டானும் ஒதுங்க, பொலித்தீன் பை நம் கைக்கு வந்தது. ஒன்றைக் கவனியுங்கள். நம் முன்னோரும் கிழிந்த பெட்டியைக் கொல்லையில் எறிந்தவர்களே. மண் அதனை ஏற்றுக்கொண்டது. நாமும் அவ்வண்ணமே எறிகின்றோம். ஆனால் நாம் எறியும் பொருளை மண் ஏற்பதில்லை. பழக்கம் பழையது, பொருளோ புதியது. இடர் அனைத்தும் இதிலிருந்தே பிறந்தது.

அவ்விடரின் விலை சிறிதன்று. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் நகரின் குப்பைமேடு சரிந்து வீடுகள்மேல் வீழ்ந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மேட்டிற் கிடந்தவை வேற்று நாட்டிலிருந்து வந்தவை அல்ல. ஒவ்வொரு வீட்டின் சமையலறையிலிருந்தும் சென்றவையே. அவ்வாண்டு செப்டெம்பர் முதலாந் தேதி உணவு சுற்றும் பொலித்தீன் தாளுக்கு அரசாங்கம் தடை விதித்தது. ஆயினும் சட்டம் கடைவாயில் வரையிலுமே வரும். அடுக்களைக்குள் நாமே காவல்.

நம் நாட்டு வீட்டுக் கழிவிற் பெரும்பகுதி உக்கக்கூடியது. காய்கறித் தோலையும் எஞ்சிய சோற்றையும் தனியே சேர்த்து, வளவின் மூலையில் ஒரு குழியிலோ, வளவில்லாதோர் துளையிட்ட ஒரு பானையிலோ இட்டு, காய்ந்த சருகால் மூடிவைத்தால், சில மாதங்களில் அது எருவாகும். சந்தைக்குச் செல்லும்போது ஒரு பையை உடன்கொண்டு செல்லலாம். எப்பொருளையும் வாங்குமுன், இது வீட்டைவிட்டு எவ்வழியே வெளியேறும் என்று ஒரு கணம் எண்ணலாம். நம் பாட்டிமார் அக்கேள்வியைக் கேட்க நேர்ந்ததில்லை. அவர்கள் கையாண்டவற்றுக்கு மண்ணே விடை கூறிற்று. நமக்கோ அவ்விடை இல்லாமையால், கேள்வியை நாமே கேட்டாக வேண்டும்.

அவ்வாறு கேட்கும் வீட்டிலே குப்பை என்னுஞ் சொல் மீண்டும் தன் பழைய பொருளைப் பெறும்.