ஒரே தேதியில் ரெண்டு உத்தரவு

1950 மார்ச் 1-ஆம் தேதிக்கு என்ன விசேஷம்னு கேட்டால் பாடப் புத்தகத்தில் பதில் கிடைக்காது. பழைய தீர்ப்புகளைப் புரட்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு (வீட்டில் இதுக்கு வேற பேர் வச்சிருக்காங்க). அப்படிப் புரட்டும்போது ரெண்டு தனித்தனி வழக்குகளில் இதே தேதி கண்ணில் பட்டது. ரெண்டுமே நம்ம சென்னை மாநில வழக்குகள்!

அப்போ குடியரசாகி ஐந்து வாரம்கூட முடியவில்லை. குமாரசாமி ராஜா தலைமையில் காங்கிரஸ் ஆட்சி. மலபாரும் ஆந்திராவும் சென்னையோடு சேர்ந்திருந்த காலம். அரசாங்கத்துக்கும் கம்யூனிஸ்ட்களுக்கும் ஏழாம் பொருத்தம்.

முதல் உத்தரவு ஏ.கே.கோபாலனுக்கு. மலபார்க்காரர், கம்யூனிஸ்ட் தலைவர். 1947 டிசம்பரிலிருந்தே ஏதாவது ஒரு உத்தரவில் உள்ளேதான் இருக்கிறார். நடுவில் கிடைத்த தண்டனைகள் மேல்முறையீட்டில் ரத்தாகியும் வெளியே விடவில்லை. மார்ச் 1 அன்று, புத்தம்புதிதாக வந்திருந்த தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் இன்னொரு உத்தரவை ஜெயிலிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இரண்டாவது உத்தரவு ரமேஷ் தாப்பருக்கு. பம்பாயிலிருந்து 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி ஆங்கில வாரப் பத்திரிகை நடத்தியவர். அந்தப் பத்திரிகை சென்னை மாநிலத்துக்குள் நுழையவே கூடாதுன்னு தடை.

ரெண்டு பேரும் நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க. (கோர்ட்டுக்கு அப்போ சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. பார்லிமென்ட் கட்டடத்தில்தான் நடந்தது.)

மே 19, கோபாலன் தோற்றார். முறைப்படி ஒரு சட்டம் போட்டு, அதன்படி ஆளைப் பிடித்தால் போதும், அந்தச் சட்டம் நியாயமானதா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்பதுதான் பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். ஒரே ஆறுதல், 'ஏன் பிடித்தோம்' என்ற காரணத்தைக் கோர்ட்டில்கூட வெளியிடக்கூடாதுன்னு சொன்ன 14-ஆவது பிரிவை மட்டும் செல்லாதுன்னு தூக்கிட்டாங்க.

சரியாக ஒரு வாரம் கழித்து, மே 26, தாப்பர் ஜெயித்தார். பேச்சுரிமையில் கை வைக்கணும்னா அரசின் பாதுகாப்புக்கே ஆபத்து இருக்கணும், 'பொது ஒழுங்கு'ன்னு பொத்தாம்பொதுவாகச் சொன்னால் செல்லாது! எழுதியவர் சென்னை ஹைகோர்ட்டிலிருந்து போன பதஞ்சலி சாஸ்திரி. கோபாலனைத் தோற்கடித்த பெரும்பான்மையிலும் இவர் உண்டு. கோபாலனுக்காக மாறுபட்ட தீர்ப்பு எழுதிய பஸல் அலியோ, இங்கே அரசாங்கத்தின் பக்கம். விசித்திரம்தான் :-)

ஆனால் கதை இதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

ஜெயித்த தாப்பருக்கு ஒரு வருஷம்தான் ஆயுசு. 1951 ஜூனில் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்ற வார்த்தையை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டது. (அதே திருத்தத்துக்கு இன்னொரு காரணமான செண்பகம் துரைராசன் வழக்கும் சென்னைதான். அது எல்லாருக்கும் தெரிந்த கதை.) கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்கணும்னு ஒரு சொல்லும் கூடவே சேர்ந்தது. இன்றைக்கும் நமக்கு இருக்கிற பிடிமானம் அந்த ஒரு சொல்தான்.

தோற்ற கோபாலன் மெதுவாக ஜெயித்தார். எமர்ஜென்சியில் நாடு பட்டதெல்லாம் பட்ட பிறகு, 1978 ஜனவரியில், மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் சுப்ரீம் கோர்ட் பழைய பார்வையைக் கைவிட்டது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது சொல்லும் நடைமுறையும் நியாயமாக இருக்கணும். 28 வருஷம் முன்னாடி கோபாலன் கேட்டதும் இதைத்தான். பார்க்க அவர் இல்லை. 1977 மார்ச்சிலேயே இறந்துவிட்டார்.

அதுக்காகத் தடுப்புக் காவல் ஒழிஞ்சுதான்னு கேட்டால், இல்லை. அடிப்படை உரிமைகள் பகுதியிலேயே 22-ஆவது பிரிவு அதுக்கு இடம் கொடுத்திருக்கு. 1982-ல் வந்த நம்ம குண்டர் சட்டம் அந்த வாசல் வழியாக வந்ததுதான். வழக்கு விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம்.

கோர்ட்டில் ஜெயிப்பதும் தோற்பதும் பாதிதான், மீதியை அரசியலும் நாமும் சேர்ந்து எழுதறோம்னு நினைக்கிறேன். "குண்டாஸ்ல போட்டாங்க, நல்லா வேணும்"னு டீக்கடையில் நாம சொல்றதும் அதில் சேர்த்திதான், இல்லையா?